குதிகாலுக்கு வேலை கொடுங்கள்

நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கு வரும் குதிகால் வலியை, அது வரும் நேரத்தை வைத்தே பெரும்பாலும் அடையாளம் கண்டுவிடலாம். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் சுருக்கென்று குத்தும். கொஞ்சம் நடந்தால் தணியும். ஓட ஆரம்பித்து உடம்பு சூடானதும் மறைந்துவிடும். ஓடி முடித்து, உட்கார்ந்து எழுந்தால் மறுபடி குத்தும். மராத்தானுக்காக வாராந்தர தூரத்தைக் கூட்டிக்கொண்டிருந்த மாதங்களில் எனக்கும் இப்படித்தான் வந்தது.

வீட்டில் இதைக் குதிவாதம் என்றார்கள். அம்மா செங்கல்லைச் சுட வைத்து, மேலே எருக்கிலையைப் பரப்பி, குதிகாலை வைத்து வைத்து எடுக்கச் சொன்னார். இதமாக இருந்தது. டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காமல் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டதும் உதவியது. ஓட்டத்தை நிறுத்தியதும் வலி அடங்கியது. திரும்ப ஓடத் தொடங்கியபோது அதே இடத்தில் அதே வலி.

அப்போது பார்த்த பிசியோதெரபிஸ்ட், குதிகாலின் அடியில் உள்பக்கமாகக் கட்டைவிரலால் அழுத்தினார். உயிர் போனது. குதிகால் எலும்பிலிருந்து விரல்கள்வரை போகும் தடித்த திசுப்பட்டை அங்கேதான் தொடங்குகிறது என்றார். பாத வளைவு வில் என்றால் இந்தப் பட்டை அதன் நாண். தரையை உந்தும்போது விரல்கள் மேல்நோக்கி மடங்க, பட்டை இழுபட்டு வளைவைத் தாங்குகிறது. திசு பழுது பார்த்துக்கொள்ளும் வேகத்தைவிடப் பளு வேகமாகக் கூடினால் அதன் இழைகள் நைந்துபோகின்றன. எக்ஸ்ரேயில் தெரிந்த எலும்பு முள்ளைப் பார்த்துப் பயந்தேன். வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கும் என்று அவர் சொன்ன பிறகுதான் நிம்மதி.

எருக்கிலை ஒத்தடமும் ஓய்வும் வலியை அடக்கின. நைந்த பட்டைக்குப் பளு தாங்கும் வலு அவற்றால் வரவில்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த பயிற்சிகள் இரண்டு. படுக்கையை விட்டு இறங்குமுன் காலை மடித்து, விரல்களை முழங்கால் பக்கமாக இழுத்து 10 விநாடி பிடிக்க வேண்டும். இப்படி 10 முறை. அடுத்தது, படிக்கட்டின் விளிம்பில் சுருட்டிய துண்டின்மேல் விரல்களை வைத்து, 3 விநாடியில் குதிகாலை உயர்த்தி, 2 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் இறக்குவது. 12 முறை வீதம் மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். பழகியபின் முதுகுப் பையில் புத்தகங்களை அடுக்கிப் பளுவைக் கூட்ட வேண்டும். டென்மார்க் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பளுப் பயிற்சி செய்தவர்கள், இழுப்புப் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட மூன்றாம் மாதத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய சமம்.

வலிக்கிற காலுக்குப் பளு ஏற்றுவதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலை கூடாமல் இருந்தால் சரி என்ற அளவுகோல்தான் தைரியம் கொடுத்தது. முன்னேற்றம் மெதுவாகவே வந்தது. ஸ்டீராய்டு ஊசி போடலாமா என்று கேட்டேன். சில வாரங்களுக்கு வலி குறையலாம். ஆனால் பட்டை கிழியவும் குதிகாலின் கொழுப்புத் திண்டு மெலியவும் வாய்ப்பு உண்டு என்றார். வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

இந்தப் பயிற்சி எல்லாக் குதிகால் வலிக்கும் பொருந்தாது. குதிகாலின் இரு பக்கத்தையும் சேர்த்து அழுத்தினால் கடுமையாக வலித்தால், ஓய்விலும் வலித்தால், எலும்பில் விரிசல் இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். 8 முதல் 14 வயதுவரையிலான பிள்ளைகள் விளையாடிவிட்டுக் குதிகால் வலியால் நொண்டினால், பெரும்பாலும் அது குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதியில் ஏற்படும் எரிச்சல். விளையாட்டைக் குறைத்தால் ஆறும்.

இன்று என்னோடு ஓடுபவர்கள் வலி என்று வந்தால், எங்கே, எப்போது என்று முதலில் கேட்கிறேன். அடியில், காலை முதல் அடியில் என்றால், தூரத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் படிக்கட்டுக்கு அழைத்துப் போகிறேன்.