மூணு பேர், ரெண்டு டிக்கெட்!

ஒரு சின்னக் கணக்கு கொடுக்கிறேன், போட்டுப் பாருங்க. ஹாஸ்டல் ரூமில் மூணு பேர். கையில் இருப்பதோ ரெண்டே ரெண்டு டிக்கெட். யார் உள்ளே போவது?

நாலு செமஸ்டர் மேத்ஸ் படித்த மூளைகள் என்ன செய்யும்? துண்டுச் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டோம். தோற்றது அடியேன்! ஆனால், ரயில் டிக்கெட் மூணு பேருக்கும் போட்டாச்சே... அதனால்தான் 2025 ஜனவரி 26 சாயங்காலம், அகமதாபாத்தில், உலகத்திலேயே பெரிய கிரிக்கெட் ஸ்டேடியத்துக்கு வெளியே, கையில் பாதி கடித்த தாபேலியோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளே கோல்ட்ப்ளே. வெளியே நான்.

"உள்ளே நடந்ததை எழுத ஆயிரம் பேர் இருக்காங்க தம்பி. நீ வெளியே நின்ன கதையை எழுது" என்றார் ஆபீஸில் அண்ணன். எழுதிட்டேன், படிங்க.

முதலில் கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். 2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை, மதியம் 12 மணி. நவி மும்பை டி.ஒய்.பாட்டீல் ஸ்டேடியத்தில் நடக்கப்போகிற கோல்ட்ப்ளே கச்சேரிக்கு டிக்கெட் விற்பனை. எங்கள் ரூமில் ரெண்டு லேப்டாப், நாலு போன், ஹாஸ்டல் வைஃபை. குறைந்தபட்ச விலை 2,500 ரூபாய். உச்சம், மயக்கம் போட்டுடாதீங்க... 35,000! எனக்குக் கிடைத்த வரிசை எண் ஆறு லட்சத்துச் சொச்சம். அதாவது, எனக்கு முன்னால் ஒரு முழு ஊரே நிற்கிறது. அன்றைக்கு மொத்தம் ஒரு கோடியே முப்பது லட்சம் பேர் முட்டி மோதியதாகப் பிறகு கணக்கு சொன்னார்கள். அன்று சாயங்காலமே மறுவிற்பனைத் தளங்களில் அதே டிக்கெட்டுகள் லட்சங்களில் உட்கார்ந்திருந்தன. அக்டோபரில் அமலாக்கத் துறை பல ஊர்களில் ரெய்டு போகிற அளவுக்கு விஷயம் பெரிதானது. எங்கள் ரூமில் அன்றைக்கு நடந்தது, மூணு பேரும் மெஸ்ஸில் போய் ஆறிப்போன சிக்கன் பிரியாணி சாப்பிட்டதுதான்!

இதில் ஒரு கடுப்பு என்ன தெரியுமா? இதே கோல்ட்ப்ளே 2016 நவம்பரில் மும்பைக்கு வந்தார்கள். 'குளோபல் சிட்டிஸன்' விழா. சுகாதாரம், கல்வி என்று சில சமூக வேலைகளைச் செய்து பாயின்ட் சேர்த்தால் டிக்கெட் ஓசி. காசு கொடுத்து வாங்குகிற டிக்கெட்டும் இருந்தது. ஆனால், நிறைய பேர் பர்ஸைத் திறக்காமலே உள்ளே போனார்கள். அப்போது எனக்குப் பதினோரு வயசு. கோல்ட்ப்ளே என்றால் ஏதோ தீபாவளிப் பட்டாசு என்றுதான் நினைத்திருப்பேன்.

சரி, எங்களுக்கு எப்படி ரெண்டு டிக்கெட்? அதுதான் 'இன்ஃபினிட்டி டிக்கெட்'. டூர் போகிற ஊரெல்லாம் கொஞ்சம் டிக்கெட்டுகளை மட்டும் சுமார் 20 யூரோ விலைக்கு இவர்கள் ஒதுக்குகிறார்கள். இங்கே 2,000 ரூபாய். ஜோடியாகத்தான் வாங்க முடியும். ஸீட் எங்கே என்பது ஸ்டேடியத்துக்குப் போய் டிக்கெட்டைக் கையில் வாங்குகிறவரை தெரியாது. மேடைக்கு முன்னாலும் இருக்கலாம், மொட்டை மாடி உயரத்திலும் இருக்கலாம். அகமதாபாத் கச்சேரிகளுக்கு இது 2024 நவம்பரில் விற்பனைக்கு வந்தபோது, கிடார் வாசிக்கிற என் ரூம்மேட் லேப் டேபிளுக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு ஒரு ஜோடியைத் தட்டித் தூக்கிவிட்டான். லேப் ரெக்கார்டில் அன்றைக்கு அவனுக்கு சைபர் என்பது தனிக்கதை.

ஜோடிதானே? மூணாவது ஆளுக்கும் எப்படியாவது கிடைச்சிடும் என்ற நம்பிக்கையில் நவஜீவன் எக்ஸ்பிரஸில் மூணு ஸ்லீப்பர் போட்டோம். சென்னை சென்ட்ரலில் காலையில் ஏறினால் விஜயவாடா, வாரங்கல், பூசாவல், சூரத் என்று மறுநாள் சாயங்காலம் அகமதாபாத். ஒன்றரை நாள் படுத்துக்கொண்டே இந்தியாவின் பாதியைக் கடக்க ஆயிரம் ரூபாய் ஆகவில்லை. அதே ஸ்டேடியத்தில் ரெண்டு மணி நேரத்துக்கு ஆரம்ப விலையே 2,500. அப்பர் பெர்த்தில் படுத்தபடி இதைச் சொன்னதும், மெக்கானிக்கல் நண்பன் கீழே இருந்து கிளாஸ் எடுக்க ஆரம்பித்துவிட்டான்.

"கேசட்டு, சி.டி வித்த காலம் போச்சுடா. இப்போ பாட்டை போன்ல ஓசில கேக்குறோம். பேண்டுக்குக் காசு வர்றதே ரோட்டுல அலைஞ்சாதான். மேடை, லைட்டு, லேஸர், இத்தனை பேரு... எல்லாம் ஊர் ஊரா தூக்கிட்டு வரணும். இந்தியாவுல மொத்தமே அஞ்சு நாள்தான் வாசிக்கிறாங்க. 500 ரூபாய்க்கு மேல டிக்கெட்னா 18 பெர்சன்ட் ஜி.எஸ்.டி வேற. அப்புறம் எப்படிடா விலை குறையும்?"

நியாயம்தான். ஆனால், நியாயம் அங்கேயே நிற்பதில்லையே! 2024 ஆகஸ்ட் கடைசியில் ஒயாஸிஸ் பேண்டு பல வருஷம் கழித்து ஒன்று சேர்ந்தபோது பிரிட்டனில் என்ன நடந்தது? சுமார் 150 பவுண்டு என்று சொன்ன நிற்கிற டிக்கெட், மணிக்கணக்கில் வரிசையில் காத்திருந்து உள்ளே போனவர்களுக்கு 355 பவுண்டு என்று காட்டியது. கூட்டம் கூடக்கூட விலை ஏறுமாம். நம்ம ஊரில் மழை பெய்தால் ஆட்டோ மீட்டருக்கு மேல் கேட்பார்களே, அதேதான். என்ன, இதற்கு கோட் சூட் போட்ட பெயர் வைத்திருக்கிறார்கள். அதே சமயம், 'தி க்யூர்' பேண்டின் ராபர்ட் ஸ்மித் 2023-இல் அமெரிக்காவில் இந்த ஏறுகிற விலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டிக்கெட்டுக்கு மேல் போட்ட கட்டணத்துக்காகக் கம்பெனியோடு சண்டை போட்டு, ரசிகர்களுக்கு ஐந்து டாலர், பத்து டாலர் என்று திருப்பியும் வாங்கிக் கொடுத்தார். மனசு வைத்தால் முடியும்போல!

அகமதாபாத்தில் தங்குவதற்கு? ஸ்டார் ஹோட்டல் ரூம் ஒரு ராத்திரிக்கு 50,000 என்று பேப்பரில் படித்துவிட்டு வந்த எங்களைக் காப்பாற்றியது மணிநகர். மில் வேலைக்காக அந்தக் காலத்திலேயே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இன்னும் அந்தப் பக்கம் இருக்கின்றன. மெக்கானிக்கல் நண்பனின் தூரத்துச் சொந்தம் ஒருவர் வீட்டு ஹாலில் பாய் விரித்தார்கள். அத்தை போட்ட ரசத்துக்கு இன்னொரு தடவை அகமதாபாத் போகலாம். "இங்கே தமிழ் மீடியம் ஸ்கூல்கூட இருந்துச்சு தம்பி. 2020-ல மூடிட்டாங்க" என்று மாமா சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. டிக்கெட் விலையைச் சொன்னோம். மாமா சிரித்தார். "நாங்க கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் கச்சேரி வெக்கிறோம். ஓசிதான். வந்து உக்கார ஆள் இல்லே!" பதில் சொல்லாமல் ரசத்தைக் குடித்தேன்.

மறுநாள் மதியம் பஸ், அப்புறம் மெட்ரோ. ஓல்ட் ஹைகோர்ட் ஸ்டேஷனில் மாறினால் மோட்டேரா. பெட்டி முழுக்க முகத்தில் கலர் பூசிய கூட்டம். வெளியே வந்தால்... அப்பா! ஒரு லட்சத்து 32 ஆயிரம் பேர் உட்காரும் ஸ்டேடியத்தைப் படத்தில் பார்ப்பது வேறு. கிட்டத்தில் நின்றால் கழுத்து வலிக்கிறது. 2023 உலகக் கோப்பை ஃபைனலில் நம்ம ஆட்கள் ஆஸ்திரேலியாவிடம் கோட்டை விட்டது இங்கேதான். ரூம்மேட்டும் நண்பனும் டிக்கெட் வாங்கும் கவுன்ட்டருக்கு ஓடினார்கள். ரூம்மேட் மட்டும் ஒரு தடவை திரும்பி, "ஸாரிடா மச்சி" என்றான். "போடா போ" என்றேன். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துக் கடுப்பாக முடியவில்லை. கொஞ்சம் ஆனேன்... பொய் சொல்வானேன்!

அப்புறம்தான் வெளியே என்று ஓர் ஊர் இருப்பது கண்ணில் பட்டது. டூப்ளிகேட் டி-ஷர்ட் 200 ரூபாய் என்று கூவும் பையன்கள். மினுக்கும் ஹேர்பேண்டு விற்கும் அக்கா. சூரத்திலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்றிவந்து, உள்ளே அனுப்பிவிட்டு, காரில் ஸீட்டைச் சாய்த்துத் தூங்கும் டிரைவர். உத்தராயண் பண்டிகை முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியும் கரண்ட் கம்பிகளில் கிழிந்த பட்டங்கள் தொங்குகின்றன. பட்டம் விட்டுப் பழகிய ஊர் இல்லையா, மொட்டை மாடியை விட மாட்டார்கள். சுற்றி இருந்த ஃப்ளாட் மாடிகளில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்போதுதான் 'அவர்' வந்தார். தொப்பி போட்டிருந்தார், பார்வை மட்டும் நாலா பக்கமும் சுழன்றது. "டிக்கெட் சாஹியே?"

அச்சடித்த விலை 2,500. நாலரை மணிக்கு அவர் சொன்னது 12,000. எனக்குத் தெரிந்த பத்து வார்த்தை ஹிந்தியில் ஒன்பது வார்த்தையைச் செலவழித்து மறுத்தேன். ஆறு மணிக்கு மறுபடி வந்தார். 9,000. ஏழரைக்கு உள்ளே லைட் மாறி, கூட்டம் 'ஓ'வென்று கத்தியதும் ஓடிவந்தார். "பாஞ்ச் ஹஜார். லாஸ்ட்!"

என் அக்கவுன்ட்டில் அன்றைக்கு இருந்தது 5,640 ரூபாய். அதில் 5,200 அப்பா அனுப்பிய மெஸ் பில் பணம். மாதக் கடைசிக்குள் கட்டவில்லை என்றால் தட்டோடு நின்றாலும் சோறு கிடையாது. டிக்கெட் நிஜமா, கலர் ஜெராக்ஸா என்பதும் அந்தக் கடவுளுக்கே வெளிச்சம். இதெல்லாம் தெரிந்தும் நான் என்ன செய்தேன் தெரியுமா? போனை எடுத்தேன். அவருடைய க்யூ.ஆர் கோடை ஸ்கேன் செய்தேன். பின் நம்பரையும் போட்டுவிட்டேன்!

வட்டம் சுற்றியது... சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது. லட்சம் பேர் ஒரே இடத்தில் இருந்தால் எந்த டவர் தாங்கும்? அவர் என் போனைப் பார்த்தார், ஸ்டேடியத்தைப் பார்த்தார், "சலோ" என்று சொல்லிவிட்டுப் பின்னால் நின்ற ஒரு ஜோடியிடம் போய்விட்டார். கேஷ் வைத்திருந்தார்கள். ரெண்டு நிமிஷம் கழித்து என் போனில், 'பணம் அனுப்ப முடியவில்லை.' நான் பொறுப்பான பிள்ளை என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும்.

சப்பர்மதி பக்கமாக ஒரு கிலோமீட்டர் நடந்தேன். ரோட்டோர டீக்கடை. கடைக்காரர் மகன் போனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்துவைத்திருந்தான். 26-ஆம் தேதி கச்சேரியை டிஸ்னி ப்ளஸ் ஹாட்ஸ்டாரில் (அப்போது அதுதான் பெயர்) லைவ்வாகக் காட்டினார்களே, அதுதான் ஓடியது. சுற்றி ஒரு பதினைந்து பேர். ரெண்டு போலீஸ்காரர்களும் உண்டு.

இங்கேதான் ஃபிஸிக்ஸ் வேலை செய்தது. ஸ்டேடியத்தின் சத்தம் ஒரு கிலோமீட்டர் காற்றில் நடந்து வர மூணு விநாடி. ஆனால், போனில் அதே பாட்டு அரை நிமிஷம் கழித்துத்தான் வருகிறது. அதனால் எல்லாமே எங்களுக்கு ரெண்டு தடவை! திடீரென்று உள்ளே ஒரு லட்சம் பேர் தொண்டை கிழியக் கத்தினார்கள். ஏன் என்று புரியாமல் நாங்கள் முழிக்கிறோம். அரை நிமிஷம் கழித்து போனில் பார்த்தால், கேலரியில் நம்ம பும்ரா! டீக்கடை அப்போதுதான் கத்தியது.

குடியரசு தினம் இல்லையா... கிறிஸ் மார்ட்டின் 'மா துஜே சலாம்' பாட ஆரம்பித்தார். 1997-இல் நம்ம ஏ.ஆர்.ரஹ்மான் போட்ட ட்யூன். சுவரைத் தாண்டி, ஸ்டேண்டுகளில் மோதி, கொஞ்சம் உடைந்து வந்தாலும் முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. "யே மேரா சென்னை, மேரா சென்னை!" என்று மிச்சமிருந்த ஹிந்தியைக் காலி செய்தேன். போலீஸ்காரர் ஒருவர் தோளில் தட்டினார். பாட்டு காற்றில் முடிந்ததும் போனில் மறுபடி தொடங்க, டீக்கடை மொத்தமும் இந்தத் தடவை சேர்ந்து பாடியது. டீக்குப் பத்து ரூபாய்தான் வாங்கினார் கடைக்காரர். கூட்டம் கூடினால் விலை ஏறுமே என்று நான் பயந்தது வீண்.

ராத்திரி மெட்ரோ நேரத்தை நீட்டியிருந்தார்கள். ஸ்டேஷன் வாசலில் ரெண்டு பேரும் குரல் போய் வந்து சேர்ந்தார்கள். ஸீட் எங்கே கிடைத்ததாம்? மேல் ஸ்டேண்டு, பக்கவாட்டில். "கிறிஸ் மார்ட்டின் சுண்டு விரல் ஸைஸ்ல தெரிஞ்சாருடா. ஆனா அந்த கைப்பட்டை எல்லாம் ஒண்ணா எரிஞ்சப்போ..." என்று ரூம்மேட் ஆரம்பித்து, முடிக்க வார்த்தை கிடைக்காமல் கையை மட்டும் ஆட்டினான். அந்த எல்.இ.டி பட்டையைப் போகும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம். அவன் மணிக்கட்டில் தடம் மட்டும் இருந்தது. பக்கத்து ஸீட் அண்ணன் ப்ளாக்கில் 15,000 கொடுத்து வந்தவராம். 2,000 என்று இவன் சொன்னதும், அவர் அப்புறம் இவனிடம் பேசவே இல்லையாம்!

"நீ என்னடா பண்ணே?" என்றான்.

"பும்ரா வந்ததை உங்களுக்கு அரை நிமிஷம் கழிச்சுப் பார்த்தேன்" என்றேன். க்யூ.ஆர் கோடு மேட்டரைச் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவனுக்கே தெரியும்.

27-ஆம் தேதி ராத்திரி திரும்பவும் நவஜீவன். காலையில் பூசாவல் ஸ்டேஷனில் வண்டி நின்றது. போனில் முழு சிக்னல். மெஸ் பில் 5,200-ஐக் கட்டினேன். ஒரே விநாடியில் போய்விட்டது.