உறியில் ஏறிய பசுமை

யாழ்ப்பாணத்து அடுக்களைகளில் உறி தொங்காத அடுக்களை ஒரு காலத்தில் அரிதாகவே இருந்தது. பாற்சட்டியும் தயிர்முட்டியும் பூனைக்கு எட்டாத உயரத்தில் அதிலே பத்திரமாக இருந்தன. குளிர்சாதனப் பெட்டி வந்தபின் உறி அடுக்களையை விட்டு நீங்கிற்று. இன்று அது விறாந்தைக்கு வந்து, பாற்சட்டிக்குப் பதிலாகப் பூச்சட்டியைத் தாங்கி நிற்கின்றது. ஆனால், எந்தச் செடியை எவ்விடத்தில் தொங்கவிடுதல் தகும் என்பதை நாம் கற்றுக்கொண்டது ஓர் இழப்புக்கும் ஒரு வெட்கத்துக்கும் பின்னரேயாம். அப்பாடத்தை எமக்குப் புகட்டியது பேராதனைப் பூங்கா.

ஈராண்டுகளுக்கு முன் ஆவணி விடுமுறையில் குடும்பத்துடன் கண்டி வீதி வழியே பேருந்தில் புறப்பட்டோம். கண்டி நகரிலிருந்து ஏறக்குறைய 6 கிலோமீற்றர் தொலைவிலே, கடல்மட்டத்திற்கு 1,500 அடி அளவு உயரத்தில் அமைந்துள்ளது பேராதனை. மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோட, 147 ஏக்கர் பரப்பிலே அப்பூங்கா விரிந்து கிடக்கின்றது. 1821ஆம் ஆண்டிலே அலெக்சாந்தர் மூன் என்பாரால் தொடங்கப்பெற்றது அது. பன்னங்கள் வளரும் நிழற்பகுதிக்குள் நுழைந்ததும், வெயிலில் நடந்து வந்த எம் உடல் குளிர்ந்தது. கல்லிலே பாசி, பாசியிலே பன்னம், மரக்கிளைகளில் மான்கொம்பு போன்ற இலைகளுடன் வேறொரு பன்னம். எம் இல்லாள் அவ்விடத்தை விட்டு அகல மனமின்றி நின்றாள்.

திரும்பும் வழியிலே ஒரு நாற்றுக் கடையில், முழ நீளத்திற்கு இலைகள் வழிந்து தொங்கிய பன்னச் சட்டியொன்றை வாங்கினோம். யாழ்ப்பாணம் வரையும் அவள் அதனை மடியில் குழந்தையை வைத்திருப்பதுபோல் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டின் தென்மேற்கு விறாந்தையிலே, எல்லோர் கண்ணிலும் படும்படியாக, அதனைத் தொங்கவிட்டோம்.

அப்பொழுது சோளகம் வீசும் காலம். அக்காற்றின் வறட்சியை எம்மூரவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. பத்தாம் நாள் இலை நுனிகள் கருகின. ஒரு மாதத்தில் பாதிச் செடி சருகாயிற்று. நீர் போதவில்லை என்று கருதி, காலையும் மாலையும் கிணற்று நீரை ஊற்றினோம். எமது நிலம் சுண்ணக்கல் நிலமாதலின், அந்நீர் சட்டியின் விளிம்பிலே வெண்படலமாகப் படிந்தது. செடியோ தேறவில்லை. பின்னர், ஈரம் நிலைக்கட்டும் என்று சட்டியின் கீழ் ஒரு தட்டத்தைக் கட்டி, அதில் எப்பொழுதும் நீர் நிற்கச் செய்தோம்.

மார்கழி மழைக்காலத்திலே ஒரு நாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எம் படலையைத் திறந்து வந்தார். கிணற்றடியையும் கோடியையும் பார்த்தவர், கடைசியில் கதிரை ஒன்றின்மேல் ஏறி அத்தட்டத்தை எட்டிப் பார்த்தார். நீரிலே நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. அந்த உறிக்கு நேர் கீழேதான் எம் இளைய மகளின் படிப்பு மேசை. 2017ஆம் ஆண்டிலே இந்நாட்டில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவு செய்யப்பட்டனர் என்று வகுப்பிலே மாணவர்க்கு எடுத்துரைத்தவர் நாம். அன்று பரிசோதகர் முன்னிலையில் தலை குனிந்து நின்றோம். அவர் எச்சரிக்கையுடன் விட்டுச் சென்றது அவருடைய பெருந்தன்மை.

மறு ஆண்டு விடுமுறையில் மீண்டும் பேராதனைக்குச் சென்றோம். அதே பன்னங்களின் முன் நின்ற இளையவள், “அப்பா, இதுக்கு ஆர் தண்ணி ஊத்துறது?” என்று வினவினாள். தோட்டக்காரர் ஊற்றுவது ஒரு பங்கு. ஈரக்காற்றும் மரநிழலும் காப்பது மறுபங்கு. அந்த மறுபங்கை நாம் வாங்கிவரவில்லை; வாங்கவும் இயலாது. இரு பருவக்காற்றுகளாலும் மழை பெறும் மண் அது. வாடை மழையை நம்பி ஆண்டு முழுவதும் காத்திருக்கும் மண் எம்முடையது.

அப்பூங்காவிலே பனைமரச் சாலை ஒன்றும் உண்டு. எம்மூர்ப் பனை அவ்வீர நாட்டிலும் வானளாவி நிற்பதைக் கண்டு மகிழ்ந்தோம். அயல்மண்ணில் பனை வாழ, எம் வீட்டிற் பன்னம் வாழாதது ஏன்? பனையின் வேருக்கு நிலம் முழுவதும் திறந்து கிடக்கின்றது. உறியில் உள்ள செடிக்கோ நாம் இட்ட இருகைப்பிடி மண்ணே உலகம். நாற்புறமும் காற்றுப் படுவதால் அம்மண் விரைவிலே காய்கின்றது. கூரையை அண்டிய காற்றின் வெம்மையும் அதனைத் தாக்குகின்றது. ஆகவே, செடியை விரும்புமுன் இடத்தை அறிதல் வேண்டும்.

இடத்தை அறிய எளிய வழியொன்று உண்டு. நண்பகலில் செடி தொங்கவேண்டிய இடத்திலே கையை நீட்டிப் பாருங்கள். நிழல் கூர்மையாக விழுந்தால் அது வெயில் விரும்பும் செடிக்கு உரிய இடம். நிழல் மங்கலாக விழுந்தால் நடுத்தர ஒளி. நிழலே விழாவிடின் அவ்விடத்தில் செடி மெல்ல மெல்ல மெலியும்.

வீட்டினுள்ளே யன்னலை அண்டிய மங்கல் ஒளிக்கு மணி பிளாண்ட் கொடியும், ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சிலந்திச் செடியும் ஏற்றவை. மணி பிளாண்டின் இலையை மென்றால் வாயும் தொண்டையும் எரியும். ஆதலின், தவழும் குழந்தைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் எட்டாதபடி கொடியை அவ்வப்போது கத்தரித்துவிட வேண்டும். வெளியே, வெயில் நேராக விழும் தாவாரத்திற்குப் பத்துமணிப்பூ உகந்தது. அதன் சதைப்பற்றான இலைகள் நீரைச் சேமித்து வைப்பதால் ஒரு நாள் மறதியை அது பொறுத்துக்கொள்ளும். தமிழர் சிலர் வாசலிலே கட்டித் தொங்கவிடும் கற்றாழை இன்னும் ஒரு படி மேலானது. பகலில் இலைத்துளைகளை மூடி, குளிர்ந்த இரவிலே திறந்து மூச்சுவிடுவதால் மண்ணின்றியும் அது நெடுநாள் வாடாதிருக்கின்றது.

பூ வேண்டுவோர்க்கு வண்டா ஓர்க்கிட் உண்டு. மரக்கிளைகளில் மேலொட்டியாக வாழும் இனமாதலின் அதற்கு மண் வேண்டியதில்லை. பொச்சுமட்டையும் கரித்துண்டும் போதும். நாற்றுமேடையில் வளர்த்ததையே வாங்குங்கள். காட்டிலிருந்து பிடுங்கி வந்ததை எவரேனும் மலிவாகத் தந்தாலும் தொடவேண்டாம். இலங்கைக்கே உரிய வெசாக் ஓர்க்கிட் காடுகளில் அருகி வருவதற்கு அத்தகைய கைகளும் ஒரு காரணம்.

இன்னும் இரண்டு கருமங்களை மறத்தலாகாது. ஒரு லீற்றர் நீரின் நிறை ஒரு கிலோகிராம். நனைந்த சட்டியின் பாரத்தைத் தாங்கும் கொளுக்கியை வளையிலோ உறுதியான மரத்திலோ மாட்டுங்கள், சிலாகையை நம்பவேண்டாம். அடுத்தது, தட்டத்தில் நீர் நிற்கவிடாதீர்கள். நுளம்பின் முட்டை தட்டத்தின் சுவரிலே ஒட்டிக்கொண்டு, காய்ந்தபின்னும் பல மாதம் உயிருடன் இருக்கவல்லது. எனவே நீரைக் கொட்டினால் மாத்திரம் போதாது. வாரம் ஒருமுறை தும்பால் உரஞ்சிக் கழுவவும் வேண்டும்.

எஞ்சிய பன்னத்தைக் கிழக்குப் புறத்திலே, கிணற்றடி வாழைகளின் மறைவுக்கு மாற்றினோம். அங்கே சோளகம் எட்டுவதில்லை. இப்பொழுது நான்கு புதிய இலைகள் சுருள் அவிழ்ந்திருக்கின்றன. விறாந்தைக்கு வரும் விருந்தினர் கண்ணில் அது படுவதில்லை என்று இல்லாளுக்குச் சிறிது குறைதான். தட்டமில்லாத அவ்வுறியின் கீழே, சனிக்கிழமைதோறும் அண்ணாந்து பார்த்து இலைகளை எண்ணுவது இளையவளின் பொறுப்பு.