தொட்டில் போட்ட தாளம்

“அத்தை, மாஷப் பண்ணலாமா?” என்று கேட்டாள் என் அண்ணா பெண்.

நான் சமையலறையில் இருந்தேன். மசால் தோசைக்குக் கிழங்கு மசிக்கிற சமாசாரமாக்கும் என்று நினைத்து, “உருளைக்கிழங்கு தீர்ந்து போச்சேடி!” என்றேன். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒரு பாட்டின் குரலை மட்டும் பிரித்தெடுத்து, வேறொரு பாட்டின் வாத்தியங்களின் மேல் ஏற்றி உட்கார வைப்பதற்குத்தான் மாஷப் என்று பெயராம். ராமன் தலையில் கிருஷ்ணன் கொண்டை என்று வைத்துக்கொள்ளுங்களேன். பொருந்தினால் அழகு, பொருந்தாவிட்டால் கூத்து.

அப்பாவுக்கு 75 வயது பூர்த்தியாக இருந்த சமயம் அது. அம்மா போய் மூன்று வருஷமாகியிருந்தது. பீரோவில் ஒரு பழைய காஸெட் கிடந்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா தொட்டிலை ஆட்டிக்கொண்டே பாடிய தாலாட்டு. பதிவு செய்தவர் அப்பா. அந்தக் குரலை, அப்பாவுக்குப் பிடித்த ஒரு சினிமாப் பாட்டின் வாத்தியத்தோடு சேர்த்து அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று குழந்தைக்கு ஆசை. எனக்குத் தொண்டையை அடைத்தது. “அதற்கென்ன, பண்ணலாம்” என்று சொல்லிவிட்டேன்.

சொல்வது சுலபம். எந்த சாப்ட்வேரை வாங்குவது? புடவைக் கடையில் நுழைந்த கதைதான். எல்லாம் நன்றாக இருக்கிறது. விலைச் சீட்டைப் பார்த்தால்தான் மயக்கம் வருகிறது. ‘எஃப்.எல். ஸ்டூடியோ’வைச் சும்மா பரீட்சை பார்க்கலாம். ஆனால் அதில் சேமித்து வைத்த வேலையை மறுபடி திறக்க வேண்டுமென்றால் பணம் கட்டியாக வேண்டும். ‘ரீப்பர்’ 60 நாள் தாராளமாகப் பழகிப் பார்க்க விடுகிறது. பிறகு சொந்த உபயோகத்துக்கு 60 டாலர். ‘காரேஜ்பேண்ட்’ இலவசம்தான், ஆனால் ஆப்பிள் கம்பெனியின் சாதனம் வீட்டில் இருக்க வேண்டும். கடைசியில், 2000-ம் வருஷத்திலிருந்து காலணா வாங்காமல் உழைத்துக்கொண்டிருக்கும் ‘ஆடாஸிட்டி’யே போதும் என்று தீர்மானித்தோம். எங்கள் தேவை என்ன? இரண்டு பாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். சுருதியையும் காலத்தையும் ஒன்றைத் தொடாமல் மற்றொன்றை மாற்ற வேண்டும். இரண்டும் அதில் நடக்கும்.

டேப்ரிக்கார்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர் போட்டோம். தாலாட்டு உள்ளே போயிற்று.

அடுத்தது குரலைப் பிரிப்பது. 2019-ல் ‘டீஸர்’ என்ற பிரெஞ்சுக் கம்பெனி ‘ஸ்ப்ளீட்டர்’ என்ற ஒன்றை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. குரல் வேறு, வாத்தியம் வேறு என்று அன்னம் பாலைப் பிரிப்பதுபோல் பிரிக்கும். அதற்குப் பிறகு அந்த வகையில் எத்தனையோ வந்துவிட்டன. ஒன்றைப் பிடித்து, சினிமாப் பாட்டையும் தாலாட்டையும் அதில் போட்டோம். அம்மாவின் குரல் பளிச்சென்று வந்தது.

பாட்டு நிமிஷத்துக்கு 100 தட்டு. சுருதி ஐந்தரைக் கட்டை. அம்மா பாடியது ஐந்து கட்டை. அரைக் கட்டைதானே என்று அம்மாவை ஏற்றினோம். அவ்வளவுதான்! அம்மா யாரோ பக்கத்து வீட்டுப் பெண்ணாகிவிட்டாள். “வேண்டாம் அத்தை, பாட்டி அப்படியே இருக்கட்டும். பாட்டு இறங்கி வரட்டும்” என்றாள் குழந்தை. வாத்தியத்தை அரைக் கட்டை இறக்கினோம். சுருதி சேர்ந்தது.

காலம்தான் சேரவில்லை. தாலாட்டுக்குத் தாளம் போட்டவர் யார்? எந்த இடத்தில் தட்டு விழுகிறது என்றே தெரியவில்லை. இரண்டு சாயங்காலங்கள் வீணாயின.

மூன்றாம் நாள் அப்பா அறை வாசலில் வந்து நின்றார். எங்கள் ரகசியமெல்லாம் போயிற்று! கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “அம்மாதான் பாடறா; தொட்டில் சத்தத்தைக் காணோமே?” என்றார். “அந்தக் கொக்கி கிறீச், கிறீச்சுங்கும். எண்ணெய் போடுங்கோன்னு தினம் சொல்வா. நான் போடவே இல்லை.”

குரலைப் பிரித்த கருவி, குப்பை என்று நினைத்துக் கிறீச்சைக் கூட்டித் தள்ளியிருந்தது! காஸெட்டிலிருந்து எடுத்த பழைய பதிவைத் திறந்தோம். தொட்டிலும் கடிகாரப் பெண்டுலம் மாதிரிதானே? ஒரே சீராக ஆடியிருக்கிறது. எண்ணிப் பார்த்தோம்: நிமிஷத்துக்கு 48 கிறீச். அம்மாவும் அதற்கேற்றபடிதான் பாடியிருக்கிறாள். சினிமாப் பாட்டை 100-லிருந்து 96-க்கு இறக்கினோம். ஒரு கிறீச்சுக்கு இரண்டு தட்டு! கச்சிதமாக உட்கார்ந்தது.

செய்து பார்க்க ஆசைப்படும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. முதலில் இலவசமானதை எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் முடியாத காரியம் ஒன்று எதிர்ப்பட்டால் அப்போது பர்ஸைத் திறக்கலாம். சுத்தம் செய்வதற்கு முன்னால் மூலத்தை ஒரு பிரதி எடுத்துப் பத்திரமாக வையுங்கள். இன்னொன்று: பிறர் பாட்டை வைத்துச் செய்ததை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் கையாள 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஊருக்குப் போட்டுக் காட்ட வேண்டுமானால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். 2004-ல் ‘டேஞ்சர் மௌஸ்’ என்ற அமெரிக்கர், பீட்டில்ஸின் இசையையும் ஜே-ஸீயின் குரலையும் கலந்து ஒரு ஆல்பம் வெளியிட்டு, ‘ஈ.எம்.ஐ.’ கம்பெனியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வாங்கிக்கொண்டார்.

பிறந்தநாளன்று பாயசம் சாப்பிட்டான பிறகு போட்டுக் காட்டினோம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் நெடுநேரம் பேசவில்லை. அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“நல்ல வேளை, நான் எண்ணெய் போடலை.”