லக்ராஸ் நகரம் பால்டிமோர்: மட்டை கதவைத் திறக்கும்... மார்க்தான் ஃபீஸ் கட்டும்!

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இருக்கும் துறைமுக நகரம் பால்டிமோர். சுற்றுலா வருபவர்கள் இங்கே நண்டு சாப்பிடாமல் திரும்ப மாட்டார்கள். ஆனால், வசந்த காலத்துச் சனிக்கிழமைகளில் உள்ளூர்க்காரர்களின் கால்கள் லக்ராஸ் மைதானத்தை நோக்கித்தான் நடக்கும்.

நீளமான மட்டை, அதன் நுனியில் வலைப்பை. கையளவு ரப்பர் பந்தை அந்த வலையில் ஏந்தி ஓடி, சக வீரருக்கு வீசி, எதிரணியின் கோலுக்குள் அடிக்க வேண்டும். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் உலகுக்குக் கொடுத்த விளையாட்டு இது. ஹோடனோஷோனி மக்களுக்கு இன்றும் இது படைத்தவனுக்கு உகந்த புனித ஆட்டம். மேரிலாந்து அரசு 2004-ல் லக்ராஸைத் தன் மாநிலக் குழு விளையாட்டாகவே அறிவித்தது.

இந்த ஊரில் பல வீடுகளில் சாப்பாட்டு மேஜையில் ஓடும் பேச்சு ஒன்றுதான்... 'இந்த மட்டையை வைத்துப் பிள்ளைக்கு காலேஜ் சீட் கிடைக்குமா? ஸ்காலர்ஷிப் வருமா?'

கனவு தொடங்கும் மைதானம்

நகரின் நடுவே ஓடும் சார்லஸ் தெருவில் வடக்கே போனால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் வரும். மருத்துவ ஆராய்ச்சிக்கு உலகப் புகழ் பெற்ற அதே ஹாப்கின்ஸ்தான். அதன் ஹோம்வுட் மைதானத்தை லக்ராஸ் ரசிகர்கள் கோயில்போலப் பார்க்கிறார்கள். மற்ற விளையாட்டுகளில் ஸ்காலர்ஷிப்பே இல்லாத மூன்றாம் பிரிவில் ஆடும் இந்தப் பல்கலைக்கழகம், லக்ராஸில் மட்டும் முதல் பிரிவில் ஆடுகிறது. ஆண்கள் அணி ஒன்பது முறை என்.சி.ஏ.ஏ. தேசியப் பட்டம் வென்றிருக்கிறது.

ஹாப்கின்ஸோடு முடிந்துவிடவில்லை. 2012-ல் பட்டம் வென்ற லயோலா, டௌசன், யூ.எம்.பி.சி. என முதல் பிரிவு அணிகள் இந்த ஊரிலும் அதன் விளிம்பிலுமே இருக்கின்றன. கொஞ்சம் தெற்கே காலேஜ் பார்க் போனால் மேரிலாந்து பல்கலைக்கழகம். பெண்கள் லக்ராஸில் அதிக என்.சி.ஏ.ஏ. பட்டங்கள் குவித்த அணி அதுதான்.

இந்த வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. கறுப்பின மாணவர்களுக்கான மார்கன் ஸ்டேட் கல்லூரி இதே நகரில் 1970-ல் லக்ராஸ் அணி தொடங்கியது. 1975-ல் வாஷிங்டன் அண்ட் லீ என்ற பலம் பொருந்திய அணியை அதன் சொந்த மண்ணிலேயே வீழ்த்தியது. 1981-ல் அந்த அணி கலைக்கப்பட்டது. திறமைக்கு எந்தத் தெருவிலும் பஞ்சமில்லை. வாய்ப்புக்குத்தான் பஞ்சம்.

செப்டம்பர் 1... நள்ளிரவு 12 மணி!

ஒரு காலத்தில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடமே கல்லூரிப் பயிற்சியாளர்கள் வாய்மொழியாகச் சீட் பேசி முடித்தார்கள். மீசை முளைக்காத வயதில் கல்லூரி முடிவு! இதற்கு 2017-ல் கடிவாளம் விழுந்தது. பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1-ம் தேதிக்கு முன்பு முதல் பிரிவுப் பயிற்சியாளர்கள் மாணவரிடம் சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது. அதனால், அன்று நள்ளிரவு 12 மணிக்கே சில வீடுகளில் போன் அலறும். பல வீடுகளில் மௌனமாகவே இருக்கும். மௌனம் என்றால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. அதற்குப் பிறகும் அணிகள் ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அதற்கான தேடல், கோடை விடுமுறையில் நகரைச் சுற்றி நடக்கும் கிளப் போட்டிகளில் நடக்கிறது. வரிசையாக மைதானங்கள், கொளுத்தும் வெயில், ஓரத்தில் மடக்கு நாற்காலியும் நோட்டுமாகப் பயிற்சியாளர்கள். அவர்கள் கோலை மட்டும் எண்ணுவதில்லை. இரண்டு கைகளாலும் ஆடத் தெரிகிறதா, பந்தை இழந்ததும் தலையைத் தொங்கப் போடாமல் திரும்ப ஓடுகிறானா, சக வீராங்கனை தப்பு செய்தால் இவள் என்ன சொல்கிறாள் என்பதையும் குறித்துக்கொள்கிறார்கள்.

கிளப் கட்டணம், பயணம், ஹோட்டல் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். ஆனால், மிக முக்கியமான பயிற்சிக்கு அந்தச் செலவே கிடையாது. சுவரில் பந்தை எறிந்து, திரும்பி வருவதை வலையில் பிடிப்பதுதான் அது. வலக்கையில் நூறு, இடக்கையில் நூறு!

முழு ஸ்காலர்ஷிப் எனும் மாயை

இனி கணக்குக்கு வருவோம். முதல் பிரிவு ஆண்கள் அணி ஒன்றுக்கு நெடுங்காலமாக இருந்த உச்சவரம்பு 12.6 ஸ்காலர்ஷிப். பெண்கள் அணிக்கு 12. அதை 45 பேருக்குப் பங்கு போட்டால், தலைக்குக் கால் பங்குக்குச் சற்று அதிகம். சிலருக்குப் பாதி, பலருக்குச் சொற்பம், சிலருக்கு ஒன்றுமே இல்லை.

2025-ல் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்துக்குப் பிறகு விதி மாறியது. அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பு இல்லை. பதிலாக, அணியில் ஆண்கள் 48 பேர், பெண்கள் 38 பேர் வரைதான் இருக்கலாம். 48 பேருக்கும் முழுத் தொகை கொடுக்கலாம்தான். பல்கலைக்கழகத்தின் பெட்டியில் பணம் இருக்க வேண்டுமே!

மூன்றாம் பிரிவிலும், ஹார்வர்ட், பிரின்ஸ்டன் உள்ளிட்ட ஐவி லீகிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. ஆனால், குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை உண்டு. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் பலவற்றில் மார்க்குக்கும் தனியாகச் சலுகை உண்டு. ஹாப்கின்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே படித்த மைக்கேல் ப்ளூம்பெர்க் 2018-ல் 180 கோடி டாலரை இளநிலை மாணவர்களின் கல்வி உதவிக்காக அள்ளிக் கொடுத்தார். எந்த லக்ராஸ் பயிற்சியாளரின் கையிலும் இவ்வளவு பெரிய பை இல்லை.

தெற்கே அன்னாபோலிஸில் கடற்படை அகாடமி இருக்கிறது. அங்கே யாருக்கும் கட்டணம் கிடையாது, மாதப்படியும் உண்டு. படித்து முடித்ததும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் ராணுவப் பணி செய்ய வேண்டும். அதுவும் ஒரு விலைதான். வீட்டில் உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு.

கேட்க வேண்டிய கேள்விகள்

பயிற்சியாளர் 'நீ எங்களுக்கு வேண்டும்' என்றதும் மயங்கிவிடக் கூடாது. எத்தனை சதவிகிதம்? ஓர் ஆண்டுக்கா, நான்கு ஆண்டுகளுக்குமா? காயம் பட்டால் தொடருமா? கல்வி உதவியையும் இதோடு சேர்த்து வாங்கலாமா? இவற்றை வெட்கப்படாமல் கேட்க வேண்டும். வாய்மொழி வாக்குறுதி யாரையும் கட்டுப்படுத்தாது. எழுத்தில் வருவது பன்னிரண்டாம் வகுப்பில்தான். முதல் பிரிவில் ஆட, என்.சி.ஏ.ஏ. கேட்கும் 16 முக்கியப் பாடங்களை முடித்து, குறைந்தபட்சம் 2.3 சராசரியும் எடுத்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு மார்க்கும் அதில் சேரும்.

கடைசியாக ஒரு கேள்வி. இதைப் பிள்ளை தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். 'நாளைக்கே கால் உடைந்து லக்ராஸ் ஆட முடியாமல் போனாலும், இந்தக் கல்லூரியில் படிக்க எனக்குப் பிடிக்குமா?' பிடிக்கும் என்றால், தைரியமாகக் கையெழுத்துப் போடலாம்.