பரண் மேல் கிடக்கும் முதலீடு

"இன்னைக்கு வீட்டையே ஒழிச்சு வெச்சுடணும்" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பாத வீடு உண்டா? பத்து மணிக்கு பரணில் இருப்பதெல்லாம் கீழே இறங்கும். பதினோரு மணிக்கு பழைய கல்யாண ஆல்பம் கையில் கிடைக்கும். அவ்வளவுதான், வேலை நின்றது. சாயங்காலம் இறங்கினதெல்லாம் கொஞ்சம் கோணலாக மறுபடி மேலே ஏறிவிடும் :-)

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் ஒருவர் மட்டும் சிரிப்பதில்லை. பெரும்பாலும் அம்மா. சொட்டுகிற குழாய், பாதி சுவரோடு நின்றுபோன பெயின்ட், தாழ்ப்பாள் விழாத கதவு, தைக்கக் கொடுக்காத துணி, யாரும் தொடாத பழைய பாடப்புத்தகங்கள்... ஒவ்வொன்றும் சின்ன வேலைதான். எல்லாம் சேர்ந்து கண்ணில் படும்போது "எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை" என்று உட்கார வைத்துவிடும். இது சோம்பேறித்தனம் இல்லை.

அமெரிக்காவில் சாக்ஸ்பி, ரெப்பெட்டி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிற குடும்பங்களில் 60 பேரிடம், அவரவர் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். குப்பையாகக் கிடக்கிறது, வேலை முடியவில்லை என்றே அதிகம் பேசிய பெண்களுக்கு, நாள் போகப் போக மனச்சோர்வு கூடியது. சாயங்காலத்துக்குள் நன்றாக இறங்க வேண்டிய கார்டிசால் என்ற ஹார்மோனும் அவர்களுக்குச் சரியாக இறங்கவில்லை.

ஏன் பெண்களுக்கு? நம் நாட்டின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்கிற பெண்கள் நாளுக்கு சராசரி 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். சுமை யார் தலையில் என்று இதற்கு மேல் சொல்ல வேண்டுமா?

சரி, வேண்டாததைத் தூக்கிப் போட வேண்டியதுதானே? அங்கேதான் காமர்ஸ் வகுப்பில் படிக்கிற பாடம் குறுக்கே வருகிறது. ரிப்பேரான கிரைண்டரைக் காட்டி "அப்பவே எவ்வளவு குடுத்து வாங்கினது தெரியுமா?" என்பார்கள். அந்தக் காசு போனது போனதுதான். கிரைண்டர் பரணில் இருந்தாலும் திரும்பி வராது. போதாததற்கு, கையில் இருக்கிற பொருளுக்கு மனசு கூடுதல் விலை போடும். கானமன், நெட்ச், தேலர் மூவரும் 1990-ல் வெளியிட்ட காபி கோப்பை சோதனையில், கோப்பை கிடைத்தவர்கள் விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு!

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். "இதுக்கு எவ்வளவு குடுத்தோம்?" என்பதை விட்டுவிட்டு, "இன்னைக்கு கடையில இருந்தா காசு குடுத்து வாங்குவோமா?" என்று கேட்டால் பாதி சாமான் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். போகித் தீயில் பிளாஸ்டிக்கைப் போட்டு ஊரையே இரும வைக்கவும் வேண்டாம்.

பாதியில் நிற்கிற வேலைகளுக்கு தொழிற்சாலைக் கணக்கு உதவும். முடியாத சரக்கில் பணம் முடங்கிக் கிடக்கும், முடிந்தால்தான் விற்கலாம். பத்து வேலை பாதியில் நிற்பதைவிட ஒன்று முழுசாக முடிவது மேல். குழாய் முடியும்வரை பெயின்ட் டப்பாவைத் திறக்கக் கூடாது. பரணுக்கு முன்னால் ஒரே ஒரு மேஜை டிராயர் போதும்.

நேரத்தையும் தாராளமாகப் போடுங்கள். 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை சராசரியாக 34 நாளில் முடித்துவிடுவோம் என்ற மாணவர்களுக்கு ஆனது 55 நாளுக்கு மேல். "ஒரு மணி நேர வேலை" என்று தோன்றினால் இரண்டு மணி நேரம் ஒதுக்குவதே புத்திசாலித்தனம்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது. நிற்கிற வேலைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பெயர் போட வேண்டும். எல்லா வரியிலும் அம்மா பெயரே வந்தால் அந்தத் தாள் செல்லாது. "வீடு ஏன் இப்படிக் கிடக்குது?" என்று முதலில் கேட்கிறவர் பெயரை முதல் வரியில் எழுதிவிடுங்கள். சுமை பாதி குறையும்!