பிரிந்தால் பின்னலாம்

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டித் தெற்கே இறங்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை, காலாப்பட்டு கடந்து பெரிய முதலியார்சாவடி, கோட்டக்குப்பம் பக்கம் வந்ததும் பழைய வீடுகளைத் துண்டு துண்டாகக் காட்டத் தொடங்கும். சாலையோரத்தில் நிலைக்கதவுகள், தேக்குத் தூண்கள், ஊஞ்சல் பலகைகள், கை உடைந்த சாய்வு நாற்காலிகள். கூப்பிடு தூரத்தில் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகள் நிற்கும் புதுச்சேரி. மேற்கே 1968இல் தொடங்கிய ஆரோவில். இடிக்கிற வீடும் கட்டுகிற வீடும் இவ்வளவு அருகருகே இருக்கும்போது நடுவில் மரச்சாமான் கடைகள் முளைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வீட்டுக் கூடத்தை, உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராதபடி அமைதியாக அமைப்பது எப்படி என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். அதற்குப் படம் பிடிக்க அந்தக் கடைகளில் ஒன்றின் முன்பக்கம் போதும். அங்கே எல்லாம் துடைத்து, மெருகேற்றி, மஞ்சள் விளக்கின் கீழ் நிறுத்தியிருக்கிறது. எனக்கு வேண்டியது பின்கட்டில் இருந்தது. கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு தகரக் கொட்டகைக்குள் நுழைந்தேன். மரத்தூளும் ஸ்பிரிட்டும் கலந்த நெடி. ஒரு மூலையில் ஆசாரி, வாசல் வெளிச்சத்தில் உப்புத்தாள் தேய்க்கும் ஓர் அக்கா, தரையில் கால்களுக்கிடையே நாற்காலிச் சட்டத்தை இடுக்கிக்கொண்டு பிரம்பு பின்னும் பெரியவர்.

பெரியவருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. தண்ணீரில் பிரம்பு இழைகள் சுருண்டு கிடந்தன. "ஊறின பிரம்புதான் சார் சொன்ன பேச்சு கேக்கும். காஞ்சத வளைச்சா பட்டுனு போய்டும்" என்றபடி ஓர் இழையை உருவினார். அகலம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. வழவழப்பான பக்கம் எப்போதும் மேலே வரவேண்டும். இருக்கைச் சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள். முதலில் முன்னிருந்து பின்னாக இழைகள் ஓடுகின்றன. அவற்றின் மேல் இடமிருந்து வலமாக ஒரு வரிசை. மறுபடி முன்பின்னாக ஒன்று. நான்காவது வரிசையிலிருந்துதான் பின்னல்: ஒன்றின் மேலே, ஒன்றின் கீழே. அதற்குப் பிறகு மூலைக்கு மூலை சாய்வாக இரண்டு ஓட்டம். துளையில் இழை நழுவாமலிருக்கச் சின்ன மர ஆப்பு. கடைசி ஓட்டம் முடியும்போது சதுரக் கட்டங்களாக இருந்தவை எண்கோணக் கண்களாக மாறிவிடுகின்றன. அந்த மாற்றம் நடக்கும் இடத்தில் நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விரல் நுனிகளில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டுத் தழும்புகள். ஓர் இருக்கைக்கு முழுசாக ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும் என்றார்.

"இன்னும் தொய்வா இருக்கே ஐயா?"

"இருக்கட்டும். காயும்போது தானா இழுத்துப் புடிச்சுக்கும்."

பல வருஷம் உட்கார்ந்து குழிவிழுந்த இருக்கைக்கும் இதே வைத்தியம்தான். நாற்காலியைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கத்தைச் சூடான ஈரத்துணியால் நன்றாக நனைத்து, நிழலில் காயவிட்டால், இழை அறுந்திராதவரை மறுபடி விறைத்துக்கொள்ளும். இதைத் தெரிந்துகொண்டால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அவருக்கு ஒரு வேலை குறையும். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பிரம்பு நம் ஊர்ப் பொருள் மாதிரித் தோன்றினாலும் நெடுந்தூரம் பயணப்படுவது. அசாமிலும் அந்தமானிலும் வளர்கிறது. உலகச் சந்தையில் இந்தோனேசியாதான் பெரிய கை. பிரம்புப் பின்னல் இருக்கை ஐரோப்பாவுக்குப் போனதே 17ஆம் நூற்றாண்டில், கிழக்கிந்தியக் கம்பெனிகளின் கப்பல் வணிகத்தால்தான். பிறகு அந்த ஐரோப்பியர்களே வெயில் நாடுகளில் கால் நீட்டிப் படுக்க நீளக் கை வைத்த சாய்வு நாற்காலிகளைச் செய்வித்தார்கள். முதுகும் தொடையும் படும் இடமெல்லாம் காற்றுப் புகும் கண்கள். வியர்வை தங்காது. மின்விசிறி இல்லாத காலத்து அறிவு அது.

ஆசாரி ஒரு மேசையின் காலைக் கழற்றிக்கொண்டிருந்தார். யாரோ இடையில் இரும்பு ஆணி அறைந்து பழுதுபார்த்திருக்கிறார்கள். ஆணியைச் சுற்றி மரம் கறுத்து, துரு உப்பி, பலகை விரிந்திருந்தது. "உப்புக் காத்துல இரும்பு நிக்காது" என்று சொல்லிக் குறட்டால் பிடுங்கினார். பழைய வேலையில் இரும்பு ஆணியே இல்லை. ஒரு கட்டையின் நுனியைச் செதுக்கி இன்னொன்றின் துளைக்குள் இறக்கி, குறுக்கே மூங்கில் ஆணி கொடுத்திருந்தார்கள். கொட்டாப்புளியால் எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டியதும் மூங்கில் ஆணி வெளியே வந்தது. மேசை ஆறேழு துண்டுகளாகப் பிரிந்து தரையில் கிடந்தது, எதுவும் உடையவில்லை. திருகு போட்டே ஆகவேண்டிய இடங்களில் பித்தளைத் திருகுதான் போடுகிறார்.

உப்புத்தாள் தேய்க்கும் அக்காவின் வேலைதான் கண்ணுக்குத் தெரியாதது. மர ரேகை போகும் திசையிலேயே தேய்க்கவேண்டும். குறுக்கே ஒரு இழுப்பு விழுந்தாலும், "இப்பத் தெரியாது சார், பாலிஷ் ஏறுனதும் பல்லிளிச்சிடும்." அரக்குச் சில்லுகளை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுக் கரைத்து, துணிக்குள் பஞ்சு பொதிந்த ஒத்தடத்தால் மெல்லிசாக ஏற்றுகிறார்கள். ஒரு பூச்சு காய்ந்து அடுத்தது. காற்றில் ஈரம் மிகுந்தால் அரக்கு வெளுத்துப் பூத்துவிடும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலை தள்ளாடும். வடக்கே மரக்காணத்தில் பாத்திகள் மழைநீரில் முங்கி உப்பு வாரும் வேலை நிற்பதும் அதே மாதங்களில்தான். இரண்டு தொழிலாளிகளும் பார்த்துக் காத்திருப்பது ஒரே வானத்தை.

இந்தக் கொட்டகையில் நின்று பார்த்தபோது, நாம் "அமைதியான அறை" என்று எதைச் சொல்கிறோம் என்பது வேறு மாதிரி புரிந்தது. வெளிர் நிறச் சுவர், மெத்தை, சின்ன விளக்கு எல்லாம் முதல் நாள் அமைதி. மூன்றாம் வருஷம் அறை எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. ரெக்ஸின் சோபாவின் மேல்தோல், காற்றின் ஈரத்தில் சிதைந்து செதில் செதிலாக உரிகிறது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை விளிம்பில் தண்ணீர் குடித்து உப்புகிறது. ஒருமுறை பிடியிழந்த திருகு மறுமுறை அதில் நிற்பதில்லை. உட்காரும்போதெல்லாம் ஒரு கிறீச்சு, துடைக்கும்போதெல்லாம் ஒரு எரிச்சல். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. கூடத்துக்குள் தண்ணீர் புகுந்த வீடுகளில் உப்பிய பலகை அலமாரிகள் குப்பைக்குப் போயின; கட்டை மரச்சாமான்கள் காய்ந்து, பிரிந்து, இதுபோன்ற கொட்டகைகளுக்கு வந்தன என்றார் ஆசாரி. பழுதுபார்க்க முடியாத பொருள்தான் ஒரு வீட்டின் நிம்மதியை அதிகம் கெடுக்கிறது.

இந்த ஊர்க் காற்றுக்கேற்ற அறை எப்படியிருக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்காக அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டா விடுதி அது. சுவருக்குப் பதில், திறந்து மூடும் பட்டைகள் வரிசை வரிசையாக. வெயில் வெளியே நிற்கும், காற்று உள்ளே வரும். கட்டுமானத்தை அங்கேயே இருந்து கவனித்த இளைஞர் ஜார்ஜ் நகாஷிமா. சுந்தரானந்தா என்று அவருக்குப் பெயர் சூட்டினார் அரவிந்தர். அறைகளுக்குத் தேக்கு மரச்சாமான்களையும் நகாஷிமாவே வடிவமைத்தார். பின்னாளில் அமெரிக்காவில் மரச்சாமான் கலைஞராகப் புகழ்பெற்ற அவர், 1964இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் வந்து வேலை செய்தார். அந்த விடுதி அறையில் கட்டில், மேசை போன்ற சில சாமான்கள் போக மிச்சமிருப்பது வெற்றுத் தரைதான்.

நம் வீட்டுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியவை எளியவை. கடற்காற்று கோடையில் நண்பகலுக்குப் பிறகு தென்கிழக்கிலிருந்து ஏறும். அந்தப் பக்கத்து ஜன்னலை அலமாரி வைத்து அடைக்காமலிருந்தால் பாதி வேலை முடிந்தது. காற்றின் வழியில் ஒரே ஒரு சாய்வு நாற்காலி, சுவரை ஒட்டாமல், பின்னலின் அடியில் காற்றுப் புகும்படி. தலைக்கு மேல் எரியும் குழல் விளக்கை அணைத்துவிட்டு, உட்கார்ந்தவர் தோள் உயரத்துக்கு ஒரு விளக்கு. விருந்தாளி வந்தால் கோரைப்பாய். அவர் போனதும் சுருட்டி வைத்துவிட்டால் தரை மறுபடி நம்முடையது. மெத்தை வேண்டுமென்றால் உறையைக் கழற்றித் துவைக்கிற மாதிரி பருத்தியில்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரியவருக்குக் கூலி இருக்கைக் கணக்கில். அதே சட்டத்தில் பிளாஸ்டிக் ஒயர் பின்னினால் வேலை சீக்கிரம் முடியும், வாடிக்கையாளருக்குச் செலவும் குறைவு. அதைப் பின்னவும் அவருக்குக் கை வரும், பின்னியும் கொடுக்கிறார். அவர் மகன் வேறு வேலைக்குப் போய்விட்டார். "கத்துக்க வர்ற பசங்க முதுகு வலிக்குதுன்னு ஓடிடுறானுங்க" என்று சிரித்தார். நாள் முழுக்கத் தரையில் குனிந்து செய்யும் வேலை அது. ஓடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உயரமான ஒரு பெஞ்சும், இருக்கைக்கு இன்னும் கொஞ்சம் கூலியும் இருந்தால் சிலர் தங்கலாம்.

கடையின் முன்பக்கத்தில் நாற்காலிக்கு விலை பேசும்போது மரம் தேக்கா ஈட்டியா, எந்தக் காலத்தது, எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்கிறோம். இவற்றுக்கு வருகிற பதிலைச் சரிபார்க்கப் பெரும்பாலும் நமக்கு வழியில்லை. சரிபார்க்கக்கூடிய கேள்விகள் இரண்டு உண்டு. கவிழ்த்துப் பார்த்தால் இரும்பு ஆணி தெரிகிறதா? பின்னல் பிரிந்தால் யார் வந்து பின்னுவார், அவருக்கு என்ன கூலி? இரண்டாவதற்குக் கடைக்காரர் பின்கட்டைப் பார்த்து ஓர் ஆளைக் கூப்பிட்டால் அந்த நாற்காலியை வாங்கலாம்.