தனுஷ்கோடி: இரு கடல்களின் நடுவே

கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த மறுவாரம், கொடைக்கானலின் கடுங்குளிரினின்று விடுபட விரும்பி, நண்பர்கள் நால்வராகப் பாம்பன் தீவுக்குச் சென்றோம். தீவின் தென்கிழக்கே நீண்டு கிடக்கும் மணற்றிட்டே தனுஷ்கோடி. ஒருபுறம் அமைதியான வங்கக்கடல்; அதனைப் ‘பெண் கடல்’ என்பர். மறுபுறம் அலைமோதும் மன்னார் வளைகுடா. அது ‘ஆண் கடல்’. இடையே இதமான இளவெயில்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய பெரும்புயல் இவ்வூரை விழுங்கியது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் இரயில், நூற்றுக்கு மேற்பட்டோருடன் கடலுள் மறைந்தது. இரயில் நிலையத்திலும் ஆலயத்திலும் இன்று சுவர்களே எஞ்சியுள்ளன. கூரையிழந்த அவ்வாலயத்தினுள் நின்று, இறந்தோருக்காகச் செபித்தோம்.

வாழத் தகுதியற்ற இடமென அரசு அறிவித்த பின்னும், மீனவக் குடும்பங்கள் இங்கே குடிசைகளில் வாழ்கின்றன. உப்புக் கடல் இருபுறமும் சூழ, மணலைச் சில அடி தோண்டினால் நன்னீர் ஊறுகின்றது. அதுவே அவர்களுக்குக் குடிநீர். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டபின் பயணிகள் பெருகியுள்ளனர். அவர்கள் எறிந்த நெகிழிப் பைகள் ஊற்றுக்குழியின் அருகே கிடக்கக் கண்டு வருந்தினோம்.

ஓய்வு நாடிச் செல்வது நன்றே. ஆனால், நமக்கு ஒருநாள் காட்சியாகும் இம்மணல், அம்மக்களுக்கு இல்லமும் கல்லறையுமாகும். பிறர் வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல் அங்கே நடப்போமாக!